செலவைச் சொல்லிவிட்டு வாக்குக் கேளுங்கள்

2000 நவம்பர் 7 அன்று நடந்த தேர்தலால் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஜார்ஜ் புஷ்ஷா, அல் கோரா என்று தெரியாமல் வாரக்கணக்கில் வாக்குகளை எண்ணினார்கள். துளை சரியாக விழாத சீட்டுகளை அதிகாரிகள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். அந்த அமளியில், அதே தேர்தலில் மக்கள் பதில் சொன்ன இன்னொரு கேள்வி வெளியுலகத்தின் கண்ணில் படவே இல்லை. மாநிலத்தின் ஐந்து பெரிய நகர்ப்பகுதிகளை மணிக்கு 120 மைலுக்கு மேல் ஓடும் அதிவேக ரயிலால் இணைக்க வேண்டும், 2003 நவம்பர் 1க்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும், இதை மாநில அரசமைப்பிலேயே எழுதிவிடலாமா என்பது அந்தக் கேள்வி. ஏறத்தாழ 53 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள்.

ரயிலுக்கு எவ்வளவு ஆகும்? பணம் எங்கிருந்து வரும்? வாக்குச்சீட்டில் ஒரு எண்கூட இல்லை.

இந்தக் கேள்வி எப்படி மக்கள் முன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் குடிமக்களே ஒரு சட்டத்தை எழுதி, கையெழுத்து திரட்டி, பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகும் வழி கிடையாது. அமெரிக்காவின் ஏறத்தாழ பாதி மாநிலங்களில் அது உண்டு. புளோரிடாவில் அப்படிக் கொண்டுவருவது சாதாரணச் சட்டமாக இருக்க முடியாது. அரசமைப்புத் திருத்தமாகத்தான் இருக்க வேண்டும். முந்தைய அதிபர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 8 சதவீத அளவுக்குக் கையெழுத்து வேண்டும். 2002, 2004 தேர்தல்களுக்கு அந்த எண்ணிக்கை 4,88,722. கையெழுத்து சேர்ந்து, மாநில உச்ச நீதிமன்றமும் கேள்வியின் வாசகம் முறையாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அது சீட்டில் ஏறிவிடும். தலைப்புக்கு 15 சொற்கள், சுருக்கத்துக்கு 75 சொற்கள். இவற்றைப் படித்துத்தான் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள்.

ரயில் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் லேக்லாண்ட் நகரைச் சேர்ந்த தொழிலதிபர் சி.சி. டாக்கரி. அவருக்கு முன்னால் அரசே தனியாரோடு சேர்ந்து ஓர் அதிவேக ரயில் திட்டத்தை வைத்திருந்தது. ஜெப் புஷ் 1999 ஜனவரியில் ஆளுநராகப் பொறுப்பேற்றதும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. (அங்கே ஆளுநர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர், அதிகாரத்தில் நம் முதல்வரின் இடத்தில் இருப்பவர்.) ஆளுநரும் சட்டமன்றமும் முன்வராவிட்டால் மக்களிடமே போகிறேன் என்று டாக்கரி சொந்தப் பணத்தைப் போட்டுக் கையெழுத்து இயக்கம் நடத்தினார். அவர் செய்ததில் முறைகேடு எதுவும் இல்லை. அந்த உரிமை இருப்பதே ஆட்சியாளர்கள் காது கொடுக்காத விஷயங்களுக்காகத்தான்.

ஆனால் தலைநகர் டாலஹாசியில் இருந்தவர்களின் கலக்கத்தையும் தள்ளிவிட முடியாது. புளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. அரசமைப்பே அதைத் தடுக்கிறது. வரவு செலவுத் திட்டம் சமநிலையில் இருந்தாக வேண்டும் என்பதும் அரசமைப்பு விதி. இப்படிக் கட்டுப்பட்ட கருவூலத்தின் மேல், தொகை குறிப்பிடாத ஒரு கட்டளை வந்து உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் போகும் பணத்தில் கை வைப்பதா, விற்பனை வரியை ஏற்றுவதா என்று ‘ஆம்’ போட்டவர்களை யாரும் கேட்கவில்லை. கல்யாண மண்டபம் பேசப் போகிற எந்தக் குடும்பமும் வாடகை கேட்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. ஒரு மாநிலமே அப்படிச் செய்திருந்தது.

வாக்குக் கேட்கும்போது செலவையும் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் புளோரிடாவில் முளைத்ததல்ல. அதன் மூத்த கதை கலிபோர்னியாவில் நடந்தது. அங்கே 1911 முதல் மக்கள் நேரடியாகச் சட்டம் கொண்டுவரும் உரிமை இருக்கிறது. 1941இல் அந்த மாநிலச் சட்டமன்றம், ஆளுநரின் நிதிக் கணக்குகளை மட்டும் நம்பியிருக்க முடியாது என்று தனக்கென ஓர் ஆய்வு அலுவலகத்தை உருவாக்க முயன்றது. ஆளுநர் கல்பர்ட் ஓல்சன் ஒப்புதல் தர மறுத்தார். சட்டமன்றம் விடவில்லை, இரு அவைகளின் கூட்டு விதியாகவே அந்த அலுவலகத்தை நிறுவிக்கொண்டது. 1949 முதல் 1977 வரை அதன் தலைமைப் பகுப்பாய்வாளராக இருந்தவர் ஆலன் போஸ்ட். ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டிய அந்த மனிதரின் எண்களைக் கண்டு இரண்டு கட்சி ஆளுநர்களும் எரிச்சலடைந்திருக்கிறார்கள். 1973இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன், வரிக்கும் செலவுக்கும் உச்சவரம்பு விதிக்கும் திருத்தத்தை ஒரு சிறப்புத் தேர்தலில் மக்கள் முன் வைத்தார். அது என்ன விளைவைத் தரும் என்று போஸ்ட் வெளிப்படையாகக் கணக்குப் போட்டுக் காட்டினார். ரீகன் சொன்ன கணக்கும் போஸ்ட் காட்டிய கணக்கும் ஒத்துப்போகவில்லை. திருத்தம் தோற்றது.

அடுத்த ஆண்டு ஜூனில், வாட்டர்கேட் ஊழலின் கோபம் நாடெங்கும் தகித்துக்கொண்டிருந்தபோது, கலிபோர்னியர்கள் அரசியல் சீர்திருத்தச் சட்டத்தை ஏறத்தாழ 70 சதவீத வாக்குகளால் நிறைவேற்றினார்கள். தேர்தல் நிதி, பரப்புரைத் தரகர்கள் என்று பல விஷயங்களைத் தொட்ட சட்டம் அது. அதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி, வாக்காளர் கையேட்டைப் பற்றியது. வாக்கெடுப்புக்கு வரும் ஒவ்வொரு மாநிலத் தீர்மானத்துக்கும் அந்தப் பகுப்பாய்வாளர் பாரபட்சமற்ற விளக்கம் எழுத வேண்டும். அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் வரவோ செலவோ எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று சொல்ல வேண்டும். சராசரி வாக்காளருக்குப் புரியும் நடையில், கலைச்சொற்களைக் கூடியவரை தவிர்த்து எழுத வேண்டும். நடையைக்கூட ஒரு சட்டம் வற்புறுத்தியிருக்கிறது என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம். குடிமகனை மதிக்கிற சட்டம்தான் அப்படிப் பேசும்.

செலவைச் சொன்னால் மக்கள் மிரண்டு ‘இல்லை’ என்பார்கள் என்று நினைத்தவர்களுக்கு நான்கே ஆண்டில் பதில் கிடைத்தது. 1978இல் சொத்து வரியை வெட்டும் 13ஆம் தீர்மானம் வந்தது. உள்ளாட்சிகளுக்கு ஆண்டுக்கு 700 முதல் 800 கோடி டாலர் இழப்பு வரும் என்று கையேடு அச்சிட்டுச் சொன்னது. ஏறத்தாழ 65 சதவீதம் பேர் தெரிந்தே ‘ஆம்’ போட்டார்கள். அந்த முடிவு நல்லதா கெட்டதா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் எங்களுக்குச் சொல்லவில்லையே என்று யாரும் முறையிட முடியாது.

புளோரிடா சட்டமன்றம் 2002இல் இதே வழியில் ஒரு சட்டம் போட்டது. கையெழுத்து இயக்கம் வழியாக வரும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அரசின் நிதி மதிப்பீட்டாளர்கள் செலவைக் கணக்கிட வேண்டும். அந்த அறிக்கை வாக்குச்சீட்டிலேயே அச்சாக வேண்டும். ரயிலை அப்போதைக்கு எதுவும் செய்ய முடியாது. ஆனால் வரிசையில் இன்னொன்று நின்றிருந்தது.

அது வகுப்பறை அளவுத் திருத்தம். மூன்றாம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 18 பேர், எட்டாம் வகுப்பு வரை 22 பேர், அதற்கு மேல் 25 பேர். இதற்கு மேல் போகக்கூடாது, 2010 கல்வியாண்டுக்குள் இதை எட்டிவிட வேண்டும் என்று அது சொன்னது. முன்னின்றவர் மாநிலச் செனட்டர் கென்ட்ரிக் மீக். நெரிசலான வகுப்பறையில் பிள்ளையைப் படிக்கவைத்த எந்தப் பெற்றோருக்கும் இந்தக் கோரிக்கை புரியும். அரசின் மதிப்பீட்டாளர்கள் போட்ட கணக்கோ எட்டு ஆண்டுகளில் 2,000 கோடி முதல் 2,750 கோடி டாலர் வரை. ஆளுநர் ஜெப் புஷ் அந்த எண்ணைப் போகுமிடமெல்லாம் சொன்னார். திருத்தத்தின் ஆதரவாளர்கள், இது எதிர்ப்பாளர்களின் கணக்கு, உண்மைச் செலவு இதில் பாதிகூட வராது என்றார்கள். அந்த எண் வாக்குச்சீட்டில் ஏறக்கூடாது என்று வழக்கும் போட்டார்கள்.

மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அரசமைப்பு மக்களுக்குக் கொடுத்த உரிமையில், தேர்தலின் நேர்மையைக் காக்கத் தேவையானதைத் தவிர வேறு சுமையை ஒரு சாதாரணச் சட்டத்தால் ஏற்ற முடியாது. அரசமைப்பில் இடமில்லாத ஒரு வாசகத்தைச் சட்டமன்றம் சீட்டில் நுழைக்கக்கூடாது. சட்டம் செல்லாமல் போனது. வகுப்பறைத் திருத்தம் எண் இல்லாமலேயே சீட்டில் ஏறியது.

தீர்ப்பு எரிச்சலூட்டுவதாகத் தோன்றலாம். எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. மக்கள் ஆட்சியாளர்களைத் தாண்டிப் பேசுவதற்காக இருக்கும் வாசலில், அந்த ஆட்சியாளர்களே காவலுக்கு நிற்க ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலை வீண்போகவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

செலவைச் சொல்வது மக்களின் உரிமையில் சேர வேண்டுமானால் அதை மக்களே சேர்க்கட்டும் என்பதுதான் தீர்ப்பு விட்டுவைத்த வழி. அதே 2002 நவம்பர் 5 தேர்தலில், சட்டமன்றம் முன்மொழிந்த இரண்டாம் திருத்தம் வாக்குக்கு வந்தது. குடிமக்கள் கொண்டுவரும் எந்தத் திருத்தத்துக்கும், தேர்தலுக்கு முன்பே அதன் உத்தேச நிதி விளைவைப் பொதுமக்களுக்குச் சொல்லும் அறிக்கை வேண்டும் என்று அரசமைப்பே கட்டளையிடும் திருத்தம். ஏறத்தாழ 78 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள்.

அந்தத் தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. ஆளுநர் புஷ்ஷை எதிர்த்து நின்ற பில் மெக்பிரைட் வகுப்பறைத் திருத்தத்தை ஆதரித்தார். அக்டோபர் கடைசியில் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் நெறியாளர் டிம் ரசர்ட் அவரிடம், இதற்கு எவ்வளவு ஆகும், பணத்துக்கு என்ன செய்வீர்கள் என்று விடாமல் கேட்டார். மெக்பிரைட்டால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. தேர்தலில் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். ஆனால் அவர் ஆதரித்த வகுப்பறைத் திருத்தம் 52 சதவீத வாக்குகளோடு வென்றது.

செலவைச் சொல் என்று கேட்டார்கள். செலவைச் சொல்லத் தடுமாறிய தலைவரை ஒதுக்கினார்கள். பெருஞ்செலவு என்று ஆளுநரே ஊர் ஊராகச் சொன்ன திட்டத்தை ஏற்றார்கள். இது முரண்பாடு என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. எவ்வளவு என்று கேட்பவர் வாங்க மாட்டார் என்று யார் சொன்னது? 2010இல் அந்த வகுப்பறை வரம்புகளைத் தளர்த்தச் சட்டமன்றம் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. எட்டு ஆண்டு அந்தச் செலவோடு வாழ்ந்து பார்த்த பிறகும், தளர்த்துவதற்குத் தேவையான ஆதரவு கிடைக்கவில்லை.

அரசமைப்பின் கட்டளை வந்துவிட்டது. அதைச் செயலாக்க, ஒரு நிதித் தாக்க மதிப்பீட்டுக் குழு உருவானது. அதில் நான்கு பேர்: ஆளுநர் அலுவலகத்திலிருந்து ஒருவர், செனட் பணியாளர்களிலிருந்து ஒருவர், பிரதிநிதிகள் அவையிலிருந்து ஒருவர், சட்டமன்றத்தின் பொருளாதார, மக்கள்தொகை ஆய்வு அலுவலகத்திலிருந்து ஒருவர். கூட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை. ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் தகவல் கொடுக்கலாம். முடிவை 75 சொற்களுக்குள் தெளிவாக எழுத வேண்டும் என்பது தொடக்கத்தில் இருந்த விதி. நால்வரும் முடிவுக்கு வர முடியாவிட்டால், விளைவு இப்போதைக்கு நிர்ணயிக்கப்படவில்லை என்ற ஒரு வாக்கியம் மட்டும் சீட்டில் போகும். அவர்கள் எழுதியதை அப்போது மாநில உச்ச நீதிமன்றம் சரிபார்த்து வந்தது; அது சிலவற்றைத் திருப்பி அனுப்பியதும் உண்டு.

இந்தப் புதிய நிதி அறிக்கை முதன்முதலாகச் சீட்டில் ஏறிய 2004 பொதுத்தேர்தலில், எல்லாவற்றையும் தொடங்கிவைத்த ரயிலே திரும்பி வந்தது. அதை அரசமைப்பிலிருந்து நீக்கக் கோரும் கையெழுத்து இயக்கத்துக்கு ஆளுநரின் ஆதரவு இருந்தது. நீக்கினால் அடுத்த 30 ஆண்டுகளில் மாநிலத்துக்கு 2,000 கோடி முதல் 2,500 கோடி டாலர் மிச்சம் என்று சீட்டில் அச்சாகியிருந்தது. கட்டுமானத்துக்கு மாநிலக் கடன்பத்திரங்களைப் பயன்படுத்துவதாக வைத்துப் போட்ட கணக்கு இது, மத்திய அரசோ தனியாரோ பணம் போட்டால் இந்தத் தொகை குறையலாம் என்ற குறிப்பும் கூடவே இருந்தது. ஏறத்தாழ 64 சதவீதம் பேர் ரயிலை நீக்கினார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் எண் இல்லாமல் 53 சதவீதம் ஆதரவு பெற்ற அதே ரயில்தான் இது.

எண் மட்டுமே இதைச் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு புளோரிடாவை நான்கு பெரும் புயல்கள் அடித்திருந்தன. மாநில நிதியைப் பற்றிய அச்சம் எங்கும் இருந்தது. அந்த எண் எதைச் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ரயில் இல்லாவிட்டால் அகலப்படுத்த வேண்டிய சாலைகள், வாங்க வேண்டிய நிலம், நெரிசலில் போகும் நேரம் ஆகியவை அந்த அறிக்கையில் இல்லை. இது புளோரிடாவுக்கு மட்டுமான குறை அல்ல. இந்த மதிப்பீடுகள் எல்லாமே அரசின் பணப்பையை எண்ணுகின்றன. மக்களின் பணப்பையை எண்ணுவதில்லை. கலிபோர்னியாவில் 2008இல் அதிவேக ரயிலுக்கான 995 கோடி டாலர் கடன்பத்திரத் தீர்மானம் வந்தபோது, வட்டியோடு 30 ஆண்டுகளில் சுமார் 1,940 கோடி டாலர் ஆகும் என்று கையேடு துல்லியமாகச் சொன்னது. ஆனால் அது கடனின் செலவு. ரயிலின் முழுச்செலவாக அன்று கையேட்டில் இருந்த சுமார் 4,500 கோடி டாலர் என்பது அந்த ரயில் ஆணையத்தின் கணக்கு. இன்று சான்பிரான்சிஸ்கோ - லாஸ் ஏஞ்சலிஸ் பாதைக்கு மட்டுமே அதைப் போல இரு மடங்குக்கு மேல் சொல்கிறார்கள்.

குறைகள் இருந்தும் நான் இந்த நிதி அறிக்கையை ஆதரிக்கிறேன். எண் தவறாக இருந்தால் அதை மறுத்துப் பேசலாம். எண்ணே இல்லாவிட்டால் பேச எதுவும் இல்லை.

கவலை வேறு இடத்தில் இருக்கிறது. 2019இல் புளோரிடா சட்டமன்றம் விதியை மாற்றியது. அரசுக்குச் செலவு கூடும் என்று மதிப்பீடு சொன்னால், எண்ணோடு ஓர் எச்சரிக்கையும் தடித்த பெரிய எழுத்தில் வர வேண்டும். 2020இல் குறைந்தபட்ச ஊதியத்தைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக உயர்த்தும் திருத்தம் வந்தபோது மக்கள் அதைச் சீட்டில் பார்த்தார்கள். இது மாநில நிதிக்குப் பாதகமாக அமையும் என்று மதிப்பிடப்படுகிறது, இதனால் வரி உயரலாம் அல்லது அரசு சேவைகள் குறையலாம் என்று அது சொன்னது. அதே அறிக்கையில் இருந்த கணக்கு இது: மாநில, உள்ளாட்சி ஊதியச் செலவு 2022இல் 1.6 கோடி டாலர் கூடும், 2027 முதல் ஆண்டுக்கு 54 கோடி டாலர் கூடும். கூலி உயரும் தொழிலாளியின் வீட்டு வரவு அதில் எங்கும் இல்லை. எண்ணைத் தகவலாகக் கேட்ட மக்களுக்குப் பயமுறுத்தும் பலகையைக் கொடுத்திருந்தார்கள். அதையும் படித்துவிட்டு ஏறத்தாழ 61 சதவீதம் பேர் ‘ஆம்’ என்றார்கள். 2006 முதல் அங்கே திருத்தம் நிறைவேற 60 சதவீதம் வேண்டும், அதையும் தாண்டிவிட்டது.

அதே 2019 டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம், இந்த நிதி அறிக்கைகளை முன்கூட்டிச் சரிபார்க்க அரசமைப்பு தனக்கு அதிகாரம் தரவில்லை என்று விலகிக்கொண்டது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த கண் மூடிக்கொண்டது.

அதன் விளைவு 2024இல் தெரிந்தது. கருக்கலைப்பு உரிமை பற்றிய நான்காம் திருத்தத்துக்கு, நிதி விளைவை நிர்ணயிக்க முடியாது என்று முந்தைய ஆண்டே குழு எழுதியிருந்தது. இடையில் நீதிமன்றத் தீர்ப்புகளால் சட்டநிலை மாறிவிட, அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஆதரவாளர்களே வழக்குப் போட்டார்கள். சட்டமன்றத் தலைவர்கள் குழுவை மறுபடி கூட்டினார்கள். பிரதிநிதிகள் அவையின் சார்பில் அமர்த்தப்பட்டவர், ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் என்ற வலதுசாரி ஆய்வு அமைப்பைச் சேர்ந்தவர். ஜூலையில் வந்த புதிய அறிக்கையும் மொத்த விளைவை நிர்ணயிக்க முடியாது என்றுதான் சொன்னது. கூடவே கருக்கலைப்புகள் கூடும், பிறப்புகள் குறையும், வழக்குச் செலவு வரலாம் என்றெல்லாம் சேர்த்தது. எதிர்த்துப் போனவர்களின் மனுவை உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் 6-1 என்ற கணக்கில் தள்ளியது. திருத்தம் 57 சதவீதம் பெற்றுத் தோற்றது. கருக்கலைப்பில் ஒருவர் எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, எண்ணே இல்லாத ஒரு நிதி அறிக்கை ஒரு தரப்பின் வாதத்தை அரசு முத்திரையோடு வாக்குச்சீட்டில் அச்சிட்டது என்பதை மறுக்க முடியாது. கலிபோர்னியாவில் ஆளுநரையே எதிர்த்துக் கணக்குப் போட முடிந்த ஓர் அலுவலகம் இருந்தது. புளோரிடாவின் நாற்காலிகள் ஆளுநரும் அவைகளும் நிரப்பும் நாற்காலிகள். ஒரே கட்சி மூன்று இடத்தையும் கைப்பற்றினால் அந்தக் குழுவில் மறுத்துப் பேச ஆள் இருக்காது.

இதைவிடப் பெரிய குறை பிறப்பிலேயே இருந்தது. 2002இல் மக்கள் ஏற்ற அந்த வாக்கியம், குடிமக்கள் கொண்டுவரும் திருத்தங்களை மட்டுமே குறிப்பிடுகிறது. சட்டமன்றம் தானே முன்மொழியும் திருத்தங்களுக்கு அந்தக் கட்டளை கிடையாது. கலிபோர்னியாவில் யார் கொண்டுவந்தாலும் பகுப்பாய்வு உண்டு. புளோரிடாவிலோ 2008 ஜனவரியில் சொத்து வரிச் சலுகைகளை விரிவாக்கும் பெரிய திருத்தத்தைச் சட்டமன்றம் மக்கள் முன் வைத்தபோது, பள்ளிகளும் ஊராட்சிகளும் எவ்வளவு இழக்கும் என்ற கணக்கு வாக்குச்சீட்டில் இல்லை. மக்களிடம் செலவைச் சொல்லச் சொன்னவர்கள் தங்கள் செலவைச் சொல்லும் கடமையை எழுதிக்கொள்ளவில்லை. அந்த வாக்கியத்தில் ‘குடிமக்கள் கொண்டுவரும்’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, கணக்குப் போடுபவர்களை ஆளுங்கட்சியின் கைக்கு எட்டாத இடத்தில் உட்கார வைத்தால் போதும். சட்டமன்றம் அதற்கு முன்வரவில்லை என்றால், கையெழுத்து திரட்டும் உரிமை இன்னும் மக்களிடம்தான் இருக்கிறது.